இந்தக் குளிருல எப்படி வெயில் சுட்டுச்சு? மூக்கு, கன்னம் எல்லாம் தோல் உரியுது

தேயிலைப்பூ
மார்ச் 2, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலைநாட்டுல மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல படிப்பிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை எங்க ஸ்கூல்ல இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி, காலையில எட்டு மணிக்கு மைதானத்துல எறங்குனவ பின்னேரம் நாலு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அன்னைக்கு நல்ல குளிரு, ஸ்வெட்டர் போட்டுத்தான் நின்னேன், பத்து மணிக்கு மேல மூடுபனி வந்து வந்து போச்சு, காத்தும் சிலுசிலுன்னு அடிச்சதால வெயில்ல நிக்கிற மாதிரியே தெரியல. ராத்திரி மொகம் கழுவுறப்பதான் தீயா எரிஞ்சுச்சு. மறுநாள் மூக்கு, கன்னத்து மேடு, சட்டைக் கழுத்து முடியிற இடம் எல்லாம் செவந்து வீங்கி அப்புறம் கறுத்து, இன்னைக்கு வெங்காயச் சருகு மாதிரி உரியுது.

அம்மாகிட்ட காட்டுனா "குளிருல என்னடி வெயில் சுடும், பனிக்கு வெடிச்சிருக்கும், தேங்கா எண்ணெய் தடவு"ன்னு சொல்லிட்டாங்க. நானும் தடவிட்டு படுத்தேன். படுத்துக்கிட்டே அம்மா மொகத்த பாத்தேன். 31 வருசமா கொழுந்து பறிக்கிறாங்க, ரெண்டு கன்னத்துலயும் நெத்தியிலயும் மங்கு, அதான் கறுப்புத் திட்டு, படர்ந்து கெடக்கு, கீழ் உதடு மட்டும் எந்த மாசமும் செதில் செதிலா வெடிச்சே இருக்கும், மேல் உதட்டுக்கு ஒன்னுமில்ல. கையில சட்டைக் கைக்கு மேல ஒரு நிறம் கீழ ஒரு நிறம். இதெல்லாம் மலைக்குப் போறவங்களுக்கு இருக்கிறதுதான்னு சின்ன வயசுல இருந்து நெனச்சுக்கிட்டே வளந்துட்டேன். திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போனா என் வகுப்புல ஆறு புள்ளைங்களுக்கு மூக்கு உரிஞ்சிருக்கு.

வெள்ளையாகுறதுக்கு வழி கேட்டு வரல, அத முதல்லயே சொல்லிடுறேன். இது வெயிலா பனியா, இப்ப என்ன போடுறது, அம்மா மாதிரி நாள் முழுக்க மலையில நிக்கிறவங்களுக்கு என்னதான் பாதுகாப்பு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஊவாக்காத்து
மார்ச் 2, இரவு 9.55

மகள், வெயிலேதான். நான் பண்டாரவளை பக்கம் 29 வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சு ஓய்வெடுத்தவன், இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

சூரியன்ல இருந்து வர்றதுல நமக்கு கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் ஒன்னு, ஒடம்புக்கு சூடா தெரியிறது இன்னொன்னு. மூணாவது ஒன்னு இருக்கு, புற ஊதாக் கதிர், யுவின்னு சொல்றது. அது கண்ணுக்கும் தெரியாது, சூடாவும் தெரியாது. தோல எரிக்கிறது அந்த மூணாவதுதான். காத்து அடிச்சா சூட்ட அள்ளிக்கிட்டுப் போயிடும், யுவிய அள்ளிக்கிட்டுப் போகாது. அதனாலதான் கொழும்புல நிக்கிறவன் வேர்த்து விறுவிறுத்து தானா நெழலுக்கு ஓடிடுறான், நாம சிலுசிலுன்னு இருக்குன்னு ஏழு மணி நேரம் மைதானத்துல நிக்கிறோம். எரிச்சலும் ஒடனே தெரியாது, நாலஞ்சு மணி நேரம் கழிச்சுத்தான் செவக்க ஆரம்பிக்கும், மறுநாள்தான் முழுசா காட்டும். நீங்க ராத்திரி மொகம் கழுவுறப்ப தெரிஞ்சது அதான்.

அடுத்தது ஒசரம். கடல் மட்டத்துல இருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறுறப்பவும் யுவி சுமாரா 10 இல்லன்னா 12 வீதம் கூடும், மேல காத்து மெலிசா இருக்கிறதால வடிகட்டுறது கொறையுது. நுவரெலியா டவுன் 1868 மீட்டர். அப்ப அதே நாள் அதே மணிக்கு கொழும்ப விட ஐஞ்சுல ஒரு பங்கு கூடத்தான் நம்ம மேல விழுது, குளிரோ பாதி நாள் நடுக்குது. போதாததுக்கு நாம பூமத்திய ரேகைக்கு 7 பாகை தள்ளித்தான் இருக்கோம், சூரியன் தலைக்கு மேலயே நிக்கும், ஓசோன் படையும் இந்தப் பக்கங்கள்ல மெலிசு. ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் நாட்டுக்கு நேரா உச்சம் குடுக்கும்னு ரேடியோவுல சொல்லுவாங்களே, அது தெக்க தொடங்கி வடக்க முடியும், நம்ம மலைநாட்டுக்கு வர்றது 8ஆம் திகதி சுத்தி, நண்பகல் பன்னெண்டு பத்து போல. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்துல திரும்பவும் ஒருக்கா வரும்.

மூடுபனிய நம்பாதீங்க. கனத்த மழை மேகம் நல்லா மறைக்கும், ஆனா மெல்லிசா வந்து வந்து போற பனியும் துண்டுத் துண்டு மேகமும் யுவில பெரும்பகுதிய உள்ள விட்டுடும்.

இன்னொன்னு, இது நான் ரொம்ப நாளா கவனிச்சது. டிம்புள்ள பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை சுத்தி, நல்ல தேயிலை வர்றது ஜனவரில இருந்து மார்ச். எங்க ஊவாவுல, அதாவது பண்டாரவளை, பதுளைப் பக்கம், ஜூலைல இருந்து செப்டம்பர், கச்சான் காத்து வீசுற காலம். ஏன் அப்ப நல்ல டீ வருது? மழை இல்லாம, வானம் தெளிஞ்சு, காத்து காஞ்சு, ராத்திரி குளிரா இருக்கிறதால. அதே காஞ்ச காத்தும் தெளிஞ்ச வானமும்தான் பறிக்கிறவங்க தோலயும் வெடிக்க வைக்குது. ஏலத்துல நல்ல வெல போற மாசம் எதுவோ அந்த மாசம் அம்மா மொகத்த கூடக் கவனிங்க.

பாத்துக்கிறதுக்கு மெசின் ஒன்னும் வேணாம், நெழலப் பாருங்க. ஒங்க நெழல் ஒங்க ஒசரத்த விட கட்டையா இருந்தா யுவி பலமா இருக்குன்னு அர்த்தம். நீளமா இருந்தா தணிஞ்சிருச்சு. நம்ம பக்கம் பெரும்பாலும் காலை ஒம்பது ஒம்பதரைல இருந்து பின்னேரம் மூணு மணி வரைக்கும் நெழல் கட்டையாத்தான் கெடக்கும். புள்ளைங்களுக்கு இத வெளையாட்டா சொல்லிக் குடுக்கலாம்.


மருந்துக்கடைத்தம்பி
மார்ச் 2, இரவு 10.30

டீச்சர், முதல்ல இப்ப உரியிறதுக்கு. தோல நீங்களா இழுத்து உரிக்காதீங்க, கீழ இருக்கிற புதுத்தோல் இன்னும் பழுக்கல, பிச்சா கறுப்பா தழும்பு நிக்கும். பச்சத்தண்ணியில துணிய நனச்சு பத்து நிமிசம் வச்சு எடுங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. ஐஸ்கட்டிய நேரா வைக்க வேணாம். வாசன இல்லாத சாதாரண லோசன், இல்லன்னா சுத்தமான கத்தாழைச் சோறு போதும். எண்ணெய் சுட்ட அன்னைக்கே வச்சா சூட்ட உள்ள அடைக்கும், இப்ப உரியிற நேரத்துல பூசுனா பரவாயில்ல. வலி இருந்தா பனடோல், தண்ணி நெறைய குடிங்க. கொப்புளம் வந்திருந்தா ஒடைக்காதீங்க. டூத்பேஸ்ட் பூசிக்கிட்டு எங்க கடைக்கு எத்தனையோ பேர் வந்திருக்காங்க, அது இன்னும் கடுக்க வைக்கும், தயவு செஞ்சு பூசாதீங்க. காய்ச்சல், நடுக்கம், வாந்தி, பெரிய கொப்புளம்னா ஆஸ்பத்திரி.

சன்ஸ்கிரீன் பத்தி நாளைக்கு எழுதுறேன், கடை மூடணும்.


பெரியமலை
மார்ச் 3, காலை 6.50

எல்லாம் சரி, ஆனா எங்க ஆத்தா எழுவத்தெட்டு வயசு வரைக்கும் மலைக்குப் போனவ, ஒரு கிரீமும் பூசல, தலையில ஒரு துணி அவ்வளவுதான். நம்ம கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்னும் செய்யாது, இது வெள்ளக்காரனுக்கு வர்ற வியாதி. அத வச்சு கம்பனிக்காரன் கிரீம் விக்கிறான். வெயில்ல நிக்காட்டி விட்டமின் டி எங்க இருந்து வரும்?


வெள்ளைத்தொப்பி
மார்ச் 3, பகல் 1.15

பெரியமலை அண்ணே, நீங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு. நான் தோல் கிளினிக்ல தாதியா வேலை செஞ்சவ. கறுப்புத் தோல்ல மெலனின் கூட இருக்கு, அது நல்ல காவல், வெயிலால வர்ற தோல் புற்றுநோய் வெள்ளக்காரங்கள விட நமக்கு ரொம்ப ரொம்பக் கொறைவு. ஆனா காவல் இருக்குன்னா கதவ தொறந்து போட்டுடலாம்னு இல்ல. நமக்கு வர்ற கேடு வேற மாதிரி. மங்கு நமக்குத்தான் கூட வருது. ஒரு சின்னப் பரு, கொசுக்கடி கூட வெயில் பட்டா மாசக்கணக்கா கறுப்பா நிக்கிறது நமக்குத்தான். உதட்டுலயும் கண்ணுலயும் அந்தக் காவல் ரொம்பக் கொறைவு. கண்ணு வெள்ளையில மூக்குப் பக்கமா சதை வளந்து கருவிழி மேல ஏறுறது, கண்புரை, இது ரெண்டுக்கும் வெயிலும் ஒரு காரணம். பொறந்ததுல இருந்தே நிறம் இல்லாத புள்ளைங்க, தலமுடி எல்லாம் வெள்ளையா பொறக்குமே, அதுகளுக்கு அந்தக் காவல் அறவே இல்ல, அப்பிடி ஒரு புள்ள ஒங்க லயத்துல, அதான் தோட்டத்து வீட்டு வரிசையில, இருந்தா அதுக்கு நீளக் கை சட்டையும் தொப்பியும் கிரீமும் மருந்து மாதிரி கட்டாயம்.

விட்டமின் டிக்கு தெனம் வெளிய போய் வர்றவங்களுக்கு கையில காலுல கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே போதும். ஏழு மணி நேரம் மொகத்துல வாங்கணும்னு இல்ல. இருட்டு அறைக்குள்ளயே வேலை செய்றவங்களுக்குத்தான் அந்தக் கவல வரணும்.

தேயிலைப்பூ தங்கச்சி, ஒங்க அம்மாவோட கீழ் உதடு எனக்கு யோசனையா இருக்கு. கீழ் உதடுதான் வானத்தப் பாத்து இருக்கு, அதனால வெயில் அங்கதான் விழும். மேல் உதடு நல்லா இருந்து கீழ் உதடு மட்டும் வருசக்கணக்கா செதில் விட்டு, சொரசொரன்னு, வெள்ளையா திட்டு இருந்தா அது வெறும் வெடிப்பு இல்லாம இருக்கலாம், அப்பிடியே விட்டா சில பேருக்கு புண்ணாகி கெட்டதா மாறும். பயப்பட வேணாம், ஆனா கிளினிக் நாள்ல ஒருக்கா காட்டிடுங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆறாத புண்ணு, வடிவமோ நிறமோ மாறுற மச்சம் இதுவும் அப்பிடித்தான், யாருக்கு இருந்தாலும் காட்டணும்.


மருந்துக்கடைத்தம்பி
மார்ச் 3, இரவு 9.20

சொன்ன மாதிரி சன்ஸ்கிரீன் விசயத்துக்கு வர்றேன்.

போத்தல்ல எஸ்பிஎஃப்னு ஒரு எண் இருக்கும். அது யுவிபிக்கு, அதாவது எரிச்சல் குடுக்கிற கதிருக்கு. எஸ்பிஎஃப் 15 அதுல 93 வீதம் தடுக்கும், 30 போட்டா 97, 50 போட்டா 98. அப்ப 30க்கும் 50க்கும் வித்தியாசம் ஒரு வீதம்தான், 50க்கு மேல போட்டிருக்கிற பெரிய எண்ணுக்கு கூடக் காசு குடுக்க வேணாம். அதோட பிஏன்னு போட்டு கூட்டல் அடையாளம் இருக்கும், அது யுவிஏக்கு, ஆழமா போய் கறுக்க வைக்கிறதும் சுருக்கம் விழ வைக்கிறதும் அதுதான். மூணு கூட்டலாச்சும் இருக்கிறத எடுங்க. சில வெளிநாட்டுச் சாமான்ல பிஏ போடாம யுவிஏன்னு ஒரு வட்டத்துக்குள்ள எழுதியிருப்பாங்க, அதுவும் சரிதான்.

ஆனா நம்மாளுங்க எண்ணப் பாத்து வாங்கிட்டு பூசுறது கடலை அளவு. அந்த 97 வீதம்னு சொல்றது தடிப்பா பூசுனாத்தான் கெடைக்கும். மொகத்துக்கும் கழுத்துக்கும் சேத்து ரெண்டு வெரல் நீளத்துக்கு பிதுக்கணும், காதையும் கழுத்துப் பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. வெளிய போக பதினஞ்சு இருபது நிமிசம் முன்னாடி பூசணும், ரெண்டு மணிக்கொருக்கா திரும்ப, வேர்த்து தொடச்சா அதுக்கு முன்னாடியே. இங்கதான் கஷ்டம். கணக்குப் போட்டுப் பாருங்க, நாள் முழுக்க வெளிய நிக்கிறவங்க ஒழுங்கா பூசுனா ஒரு சின்ன டியூப் ஒரு வாரம் ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும், ஒரு டியூப் வெல ஒரு நாள் வேலைக்குக் கெடைக்கிற காச விட கூட. அதனால மலைக்குப் போறவங்களுக்கு முதல்ல துணி, தொப்பி, நேரம், அதுக்கப்புறம்தான் கிரீம்னு சொல்றேன், அதுவும் துணி மறைக்காத எடத்துக்கு மட்டும். கிரீம் விக்கிறவனே இத சொல்றேன் பாருங்க.

போத்தல் பின்னால தொறந்த டப்பா படம் போட்டு 12எம்னு இருக்கும், தொறந்து 12 மாசம்னு அர்த்தம். போன வருசம் மிச்சம் வச்சத புள்ளைக்குப் பூசாதீங்க.


ரெட்டைப்பின்னல்
மார்ச் 4, காலை 10.05

அக்கா அண்ணமாருக்கு வணக்கம். நான் பதுளைப் பக்கம். எனக்கு ஆவணியில கல்யாணம், அதனால மொகம் தெளியணும்னு ஒரு மாசமா தேசிக்காய் (எலுமிச்சை) சாறும் தேனும் பூசுறேன். போன வாரம் கையில கழுத்துல பட்ட சாற கழுவாம துணி காயப் போட வெளிய போயிட்டேன், ரெண்டு நாள் கழிச்சு சாறு வடிஞ்ச கோடு கோடாவே செவந்து கொப்புளம் போட்டு இப்ப கறுப்பா நிக்குது. டவுன்ல ஒரு கடையில பேரே இல்லாத ஒரு கிரீம் சின்ன டப்பாவுல குடுத்தாங்க, ஏழு நாள்ல வெளுக்கும்னு. பூசுனேன், உண்மையிலேயே வெளுத்துச்சு. ஆனா நிப்பாட்டுனா மொகம் செவந்து அரிக்குது, வெயில்ல போகவே முடியல. வீட்டுல யாருக்கும் சொல்லல. என்ன செய்றதுன்னு தெரியல.


வெள்ளைத்தொப்பி
மார்ச் 4, பகல் 12.40

தங்கச்சி, சொன்னதே நல்லதாப் போச்சு. தேசிக்காய்ச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா ஒரு மாதிரி தீக்காயமே வரும், அந்தச் சாறுல இருக்கிற ஒரு பொருள் யுவியோட சேந்து செய்ற வேலை அது. கோடு கோடா வர்றதே அதுக்கு அடையாளம். வாரக்கணக்குல மாசக்கணக்குல மங்கும், பயப்படாதீங்க, ஆனா இனி தேசிக்காய் சாப்பாட்டுக்கு மட்டும்.

அந்த டப்பா கிரீம்தான் பெரிய விசயம். செஞ்சவன் பேரு இல்லாம, உள்ள என்ன இருக்குன்னு எழுதாம, ஏழு நாள்ல வெளுக்குற கிரீம்ல பெரும்பாலும் ரெண்டுல ஒன்னு இருக்கும். ஒன்னு பாதரசம், அது தோல் வழியா உள்ள போய் சிறுநீரகத்தக் கெடுக்கும், நாளைக்கு வயித்துல புள்ள வந்தா அதுக்கும் ஆகாது, அதே துவாய பாவிக்கிற வீட்டாளுங்களுக்கும் போகும். இன்னொன்னு பலமான ஸ்டீரொய்ட். அதுதான் நிப்பாட்டுனா செவந்து அரிக்கும், தோல் மெலிஞ்சு நரம்பு தெரியும், மொகத்துல முடி மொளைக்கும், பரு தள்ளும், வெயில தாங்குற சக்தியே போயிடும். நீங்க சொல்றத பாத்தா ஸ்டீரொய்டு மாதிரி இருக்கு. டப்பாவ எறிஞ்சுடாம கையில எடுத்துக்கிட்டு தோல் டொக்டர்கிட்ட போங்க, எப்பிடி நிப்பாட்டுறதுன்னு அவங்க சொல்லுவாங்க. அம்மாகிட்டயும் சொல்லிடுங்கம்மா. ஒங்க மேல தப்பு இல்ல, ஒங்க நிறத்த கொறையா பேசி வளத்தவங்க மேலதான் தப்பு.

மங்குக்கும் இதே கிரீமத்தான் நெறைய பேர் பூசுறாங்க, அதனால அதையும் சொல்லிடுறேன். மங்கு வெயிலாலயும் ஹோர்மோனாலயும் வர்றது. கர்ப்பத்துல வரும், குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையில வரும். புள்ள பொறந்ததும் சில மாசத்துல பல பேருக்கு தானா மங்கும், ஆனா அந்த நேரத்துல வெயில்ல நின்னா அப்பிடியே நின்னுடும். இதுக்கு யுவி மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் காரணம், அதனால வெள்ளையா இருக்கிற சாதாரண சன்ஸ்கிரீன விட இரும்பு ஒக்சைட்டு கலந்து தோல் நிறத்துல வர்ற கிரீம் மங்குக்கு நல்லது. தொப்பி அத விட நல்லது.

இன்னும் ஒன்னு, மாத்திரை. எலிக்காய்ச்சல் வராம இருக்க குடுக்கிற டொக்சிசைக்ளின், பிரஷருக்கு குடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைட், இது ரெண்டும் வெயில்ல தோல சீக்கிரம் எரிய வைக்கும். மருந்த நிப்பாட்ட வேணாம், அந்த நாள்ல நல்லா மூடிக்கிட்டுப் போங்க.


ரெட்டைப்பின்னல்
மார்ச் 4, இரவு 7.30

அக்கா நான் அழுதுட்டேன். நாளைக்கு அம்மாவ கூட்டிக்கிட்டு போறேன்.


மடுவத்துக்காரி
மார்ச் 5, இரவு 8.10

எனக்கு எழுத்து அவ்வளவா வராது, மகன் எழுதிக் குடுக்கிறான், நான் சொல்லச் சொல்ல. 22 வருசமா மலைக்குப் போறேன். எல்லாரும் தொப்பி தொப்பின்னு சொல்றீங்க, கொழுந்து கூடையோட கயிறு எங்க இருக்கும்னு யாராச்சும் யோசிச்சீங்களா? நெத்திக்கு மேல உச்சந்தலையில. அகலத் தொப்பி போட்டா கயிறு நிக்காது, கயித்துக்கு மேல போட்டா குனியிறப்ப தொப்பி செடிக்குள்ள விழும். அதனாலதான் நாங்க துணிய மடிச்சு தலையில வச்சு அது மேல கயிற போடுறோம். துணி தலைய மறைக்கும், மொகத்த மறைக்காது. ஊவாக்காத்து சேர் சொன்ன மாதிரி உச்சி வெயில் தலைக்கு நேரா நிக்கிறப்ப குனிஞ்சு பறிக்கிறதால கழுத்துப் பின்னால விழும், நிமிந்தா மூக்குல விழும். கவ்வாத்து வெட்டுன, அதாவது தேயிலைச் செடிய கட்டையா நறுக்கிவிட்ட மலையில நெழலே இல்ல, நெழல் மரத்தையும் சேத்து கொப்பு கழிச்சிருப்பாங்க.

நான் செஞ்சது இதுதான். தலைத்துணிக்கு முன்னால பக்ரம் வச்சு ஒரு தகடு மாதிரி தைச்சேன், சட்டைக் கொலருக்குள்ள வைப்பாங்களே அந்த பக்ரம். அது நெத்தியில இருந்து கூரை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், கயிறு அதுக்குப் பின்னால போகும், ஒன்னுக்கொன்னு முட்டாது. பின்னால கழுத்து மூட ஒரு துண்டுத் துணி தொங்க விட்டேன். கைக்கு மகனோட பழைய ஸ்கூல் சொக்ஸ், வெரல் பக்கத்த வெட்டிட்டு முழங்கை வரைக்கும் இழுத்துக்குவேன், கொழுந்து கீறுறதும் கொறையும், அட்டையும் ஏறாது. மேல வீட்டுக்காரரோட நீளக் கை சேர்ட்டு. மூணு வருசமாச்சு, என் கன்னத்துல மங்கு புதுசா படரல, பழசு கொஞ்சம் மங்கியிருக்கு.

துணி வாங்குறப்ப வெளக்கு வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் நல்லா தெரிஞ்சா வெயிலும் உள்ள வரும். நெருக்கி நெய்ஞ்ச, அடர் நிறத் துணி நல்லது. மெல்லிசு வெள்ளைப் பருத்தி நனஞ்சா ஒன்னுமே இல்லாத மாதிரிதான், பனியில நனையிற நாள்ல அது நெனவுல இருக்கட்டும்.

இன்னொன்னும் சொல்லணும். நடுப்பகல் கொழுந்து நிறுக்கிறப்ப மடுவத்துக்கு, அதான் நிறுக்கிற கொட்டகைக்கு, வெளிய வெயில்ல வரிசையில நிக்க வைக்கிறாங்க, சில நாள் முக்கா மணி நேரம். தலையில கூடையோட. அந்த நேரத்துல ரெண்டு தகரம் போட்டு நெழல் குடுக்கச் சொல்லி நாங்க பதினாலு பேர் சேந்து கேட்டோம். முதல்ல ஆகாதுன்னாங்க, திரும்பத் திரும்பக் கேட்டு இப்ப ஒரு பக்கம் போட்டிருக்காங்க. கேக்காம கெடைக்காதுங்க.


தேயிலைப்பூ
மார்ச் 5, இரவு 9.00

அக்கா, நீங்க எழுதுனத அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். கயிறு நெத்திக்கு மேல இருக்கும்னு வாசிச்சப்ப அம்மா "ஆமா"ன்னு சொல்லி எழும்பி ஒக்காந்துட்டாங்க. அந்த பக்ரம் அளவு சொல்லுவீங்களா?


லீக்ஸ்தோட்டம்
மார்ச் 6, காலை 11.45

கந்தப்பளை பக்கம் லீக்ஸும் கரட்டும் போடுறோம். காலையில துகள்பனி விழுந்து புல்லு வெள்ளையா கெடக்கும், கை வெறைக்கும், பதினொரு மணிக்கு பாத்தா அதே எடத்துல வெயில் ஊசி மாதிரி குத்தும். எங்க ஆம்பளைங்க கேப் தொப்பிதான் போடுறது, அது மூக்க மட்டும்தான் மறைக்கும், காதும் கழுத்தும் வெளிய. எங்க அப்பாவுக்கு ரெண்டு காது நுனியும் கறுத்து தடிச்சுப் போச்சு, வலது கண்ணுல சதை வளந்து ஆபரேஷன் செஞ்சாச்சு. டொக்டர் கேட்ட முதல் கேள்வியே வெயில்ல வேலையான்னுதான். இப்ப நாங்க மூணு பேரும் சுத்திவர மூணு அங்குலம் விளிம்பு இருக்கிற துணித் தொப்பி போடுறோம், மருந்தடிக்கிறப்ப கண்ணாடி. கண்ணாடி வாங்குறப்ப யுவி 400னு போட்டிருக்கான்னு பாருங்க, வெறும் கறுப்புக் கண்ணாடிய போட்டா கண்ணுமணி இருட்டுல விரிஞ்சு இன்னும் கூடத்தான் உள்ள வாங்கும்.

ஒரு சந்தேகம், நான் வாரத்துல மூணு நாள் லொறியில தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்திக்கிட்டுப் போறேன், கண்ணாடி ஏத்திவிட்டுத்தான் ஓட்டுறது. ஆனாலும் வலது கை இடது கைய விட கறுப்பு. ஏன்?


ஊவாக்காத்து
மார்ச் 6, பகல் 2.30

தம்பி, சாதாரண கண்ணாடி யுவிபிய கிட்டத்தட்ட முழுக்க நிப்பாட்டிடும், அதனால எரியாது. யுவிஏ பக்கத்து ஜன்னல் வழியா தாராளமா உள்ள வரும், அதுதான் கறுக்க வைக்கிறது. நம்ம நாட்டுல ஓட்டுறவங்களுக்கு ஜன்னல் வலது பக்கம், அதான் வலது கை. நீளக் கை சட்டை போட்டு ஓட்டுங்க. கோச்சியில, அதான் ரயில்ல, ஜன்னல் சீட்டுல நானுஓயால இருந்து பதுளை வரைக்கும் தலைய நீட்டிக்கிட்டு வர்ற புள்ளைங்களுக்கும் இதச் சொல்லணும்.

சிவனொளிபாத மலைக்குப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2243 மீட்டர். ராத்திரி குளிருக்கு மூடிக்கிட்டு ஏறுவாங்க, விடிஞ்சு எறங்குறப்ப ஸ்வெட்டர கழட்டி இடுப்புல கட்டிக்குவாங்க, ஒம்பது பத்து மணி வெயில்ல கீழ வந்து சேருறப்ப மொகம் செவந்திருக்கும். எறங்குறப்பதான் தொப்பி வேணும்.


பெரியமலை
மார்ச் 6, இரவு 8.25

எல்லாத்தையும் வாசிச்சேன். ஆத்தாவுக்கு கடைசி காலத்துல ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு, வயசுன்னு விட்டுட்டோம், இப்ப யோசிச்சா மனசு என்னமோ செய்யுது. ஒரு கேள்வி, மகளுக்கு நாலு மாசக் கைக்குழந்த, கிளினிக்குக்கு தூக்கிக்கிட்டு ரெண்டு மைல் நடக்கணும். அதுக்கு கிரீம் பூசலாமா?


வெள்ளைத்தொப்பி
மார்ச் 6, இரவு 9.10

ஆறு மாசத்துக்குள்ள கிரீம் வேணாம் அண்ணே, தோல் மெலிசு. கொடையும் மெல்லிசான நீளக் கை உடுப்பும், காது மறைக்கிற தொப்பியும் போதும். கறுப்புக் கொடை வெள்ளைய விட நல்லா மறைக்கும். முடிஞ்சா காலையில முதல் ஆளா போயிட்டு வந்துடச் சொல்லுங்க. கம்பளியில சுத்திடாதீங்க, சூடு தாங்காது.


தேயிலைப்பூ
ஏப்ரல் 18, இரவு 8.15

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள், ஒன்றரை மாசமா எழுத முடியல.

அம்மாவ தோல் கிளினிக்ல காட்டுனோம். உதட்டுல இருக்கிறது வெயிலாலதான்னு சொன்னாங்க, இப்போதைக்கு பயப்படுற மாதிரி இல்ல, உதட்டுக்கு எஸ்பிஎஃப் இருக்கிற ஒரு பாம் குடுத்து, மூணு மாசத்துல திரும்ப வரச் சொல்லியிருக்காங்க, மாறாட்டி சின்னதா ஒரு துண்டு எடுத்து சோதிப்பாங்களாம். அன்னைக்கு இங்க எழுதாம இருந்திருந்தா நாங்க இன்னும் தேங்கா எண்ணெயே தடவிக்கிட்டு இருந்திருப்போம்.

ஸ்கூல்ல நான் ஒரு விசயத்த பேசுனேன், அது கொஞ்சம் கசப்பாவும் போச்சு. அன்னைக்கு போட்டியில பிரதம அதிதிக்கும் விருந்தாளிகளுக்கும் கூடாரம் போட்டிருந்துச்சு, புள்ளைங்க ஏழு மணி நேரம் வெறும் மைதானத்துல ஒக்காந்திருந்தாங்க, அணிவகுப்பு நின்னது சரியா பன்னெண்டு மணிக்கு. இத கூட்டத்துல சொன்னப்ப செல பேருக்கு புடிக்கல, "நாங்க எல்லாம் இப்பிடித்தான் வளந்தோம்"னாங்க. நான் சேர் சொன்ன நெழல் கணக்கத்தான் சொன்னேன். வெளிய கூட்டிக்கிட்டுப் போய் எல்லாரையும் நிக்க வச்சு அவங்கவங்க நெழல பாக்கச் சொன்னேன், அன்னைக்கு திகதி 3, மணி பதினொன்னரை, நெழல் காலடியிலயே சுருண்டு கெடந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் பேசல. அடுத்த வருசம் ஏழரைக்கு தொடங்கி பதினொன்னுக்கு முடிக்கிறது, மிச்சத்த மறுநாள் வச்சுக்கிறதுன்னு முடிவாயிருக்கு, புள்ளைங்க பக்கத்துக்கும் படங்கு (தார்ப்பாய்) கட்ட பெற்றோர் ஒத்துக்கிட்டாங்க. விளையாட்டுச் சீருடைக்கு தொப்பியும் சேக்கலாம்னு கேட்டிருக்கேன், அது இன்னும் முடிவாகல.

மடுவத்துக்காரி அக்கா, பக்ரம் அளவு கேட்டேனே, அம்மா தெனமும் "அந்தப் புள்ள எழுதுச்சா"ன்னு கேக்குறாங்க.


ரெட்டைப்பின்னல்
ஏப்ரல் 18, இரவு 8.50

அக்கா, எனக்கும் கொறையுது. டொக்டர் வேற மருந்து குடுத்து கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்ட வச்சாங்க. கோடு இன்னும் கொஞ்சம் இருக்கு. என்னைக் கட்டிக்கப் போறவர்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன், "நான் பாத்த மொகமே எனக்குப் போதும்"னு சொன்னாரு.


மடுவத்துக்காரி
ஏப்ரல் 19, இரவு 7.40

மன்னிச்சுக்கங்க மகள், போன்ல காசு முடிஞ்சு போச்சு. எழுதிக்கங்க. பக்ரம் 12 அங்குல நீளம், நடுவுல 4 அங்குலம் அகலம், ரெண்டு ஓரத்துலயும் வட்டமா கொறச்சு ஒன்றரைக்கு கொண்டு வரணும், பிறை வடிவத்துல. ரெட்டையா வைங்க, ஒத்தையா வச்சா மழைக்கு தொவண்டு போயிடும். மேல கீழ துணி போட்டு மூடி, தலைத்துணி ஓரத்துல இருந்து ஒரு அங்குலம் உள்ள தள்ளித் தைங்க, அந்த ஒரு அங்குலத்துலதான் கயிறு ஒக்காரும். பின்னால ரெண்டு நாடா, காதுக்குக் கீழ கொண்டு வந்து கட்டணும், மேல கட்டுனா கயிறு அமுக்கி தலவலி வரும். கழுத்துத் துணி 14 அங்குலம். கீழ்ப்பக்கத்துக்கு அடர் நிறத் துணியா போடுங்க, வெள்ளைய போட்டா வெளிச்சம் மொகத்துல திரும்பி அடிக்கும். முதல் நாள் கொஞ்சம் தொந்தரவா இருக்கும், நாலு நாள்ல பழகிடும்னு அம்மாகிட்ட சொல்லுங்க.